பீட்சா திரைப்படமும் பேய்க்கதை கேட்கும் பழக்கமும்

பீட்சா, 2012 அக்டோபர் 19 அன்று வெளியான தமிழ்த் திகில் திரைப்படம். மதுரையைச் சேர்ந்த கார்த்திக் சுப்புராஜ் இயக்கிய முதல் முழுநீளப் படம். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சிக்குக் குறும்படங்கள் எடுத்து அறிமுகமானவர் அவர். சி.வி. குமார் தயாரித்தார். விஜய் சேதுபதி, ரம்யா நம்பீசன், 'ஆடுகளம்' நரேன், கருணாகரன், பாபி சிம்ஹா, பூஜா ராமச்சந்திரன் ஆகியோர் நடித்தனர். இசை சந்தோஷ் நாராயணன், ஒளிப்பதிவு கோபி அமர்நாத். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாயில் எடுக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. அந்நாளையத் தமிழ்ப் பட வரவு செலவில் இது மிகச் சிறிய தொகை. படம் நன்றாக ஓடியது.

ஆங்கில விமர்சகர்கள் 'ஸ்லோ பர்ன்' என்று சொல்லும் வகையைச் சேர்ந்த படம் இது. திடீரென்று திரையில் பாய்ந்து அலறும் உருவங்களை நம்பாமல், சிறுதீயில் வைத்த பாலைப் போல அச்சத்தை மெதுவாகக் காய்ச்சும் வகை. தமிழில் இவ்வகைப் படங்கள் குறைவு. வந்தவற்றுக்கும் பார்வையாளர் எதிர்வினை எப்போதும் இரண்டாகப் பிரிந்தே இருந்திருக்கிறது. அந்தப் பிரிவைக் குறித்து வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், நகரத்துப் பார்வையாளருக்குப் பொறுமை உண்டு, கிராமத்துப் பார்வையாளருக்குப் பொறுமை இல்லை என்பது. இது சரியா என்பதை இக்கட்டுரை தேனி, கம்பம் பள்ளத்தாக்கு வட்டாரத்தின் பேய்க்கதை மரபை முன்வைத்து ஆராய்கிறது. படத்தின் முடிவு கீழே வெளிப்படையாகப் பேசப்படுகிறது.

கதை

மைக்கேல் (விஜய் சேதுபதி) பீட்சா கடையில் வேலை பார்க்கும் இளைஞன். பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாதவன். அவனுடைய காதலி அனு (ரம்யா நம்பீசன்) பேய்களைப் பற்றிப் படித்துக்கொண்டும், திகில் நாவல் எழுதும் முயற்சியிலும் இருப்பவள். இருவரும் எளிமையாகத் திருமணம் செய்துகொள்கிறார்கள். கடை முதலாளி சண்முகத்தின் (நரேன்) வீட்டுக்கு ஒருநாள் போகும் மைக்கேல், முதலாளியின் மகளுக்குப் பேய் பிடித்திருப்பதைக் கண்ணால் காண்கிறான்.

ஒருநாள் இரவு மைக்கேல் அடிபட்டு, மிரண்டுபோய்க் கடைக்குத் திரும்புகிறான். பீட்சா கொடுக்கப் போன பங்களாவில் தனக்கு நேர்ந்ததை முதலாளியிடமும் உடன் வேலை செய்பவர்களிடமும் சொல்கிறான். மின்சாரம் போகிறது, வீட்டுக்காரப் பெண் கொல்லப்படுகிறாள், கதவுகள் திறக்க மறுக்கின்றன, கையில் டார்ச் மட்டும். படத்தின் பெரும்பகுதியும் உயிர்ப்பகுதியும் இந்தப் பங்களா இரவுதான். பிறகு அத்தனையும் பொய் என்று தெரிகிறது. முதலாளி கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் இருந்த வைரங்கள் தற்செயலாகக் கைக்கு வர, அவற்றை அமுக்கிக்கொள்வதற்காக மைக்கேலும் அனுவும் சேர்ந்து புனைந்த கதை அது. இறுதியில் வேறொரு வீட்டுக்குப் பீட்சா கொண்டுபோகும் மைக்கேல், தான் கட்டிய கதையைப் போன்றதொரு நிலைமைக்குள் தானே அகப்படுவதோடு படம் முடிகிறது.

இரு வகை எதிர்வினை

படம் பார்த்தவர்கள் சொன்ன குறைகளில் இரண்டு அடிக்கடி காதில் விழுந்தவை. ஒன்று, "முதல் அரைமணி நேரம் ஒண்ணுமே நடக்கலை". மற்றது, "கடைசியில ஏமாத்திட்டாங்க". முதலாவது வேகம் பற்றிய குறை. இரண்டாவது நாணயம் பற்றிய குறை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி 'ரசனைக் குறைவு' என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இவை வெவ்வேறு குறைகள். இரண்டாவதில் நியாயம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

'ஒண்ணுமே நடக்கலை' என்ற குறை பெரும்பாலும் அனுவும் மைக்கேலும் பேசிக்கொள்ளும் தொடக்கக் காட்சிகளைப் பற்றியது. இங்கே படத்திடமும் தவறு இருக்கிறது. அனு பேய்களைப் பற்றிப் பேசுவதெல்லாம் நூலகத்தில் எடுத்த குறிப்பு போல இருக்கிறது. அவள் சொல்லும் பேய்க்கு ஊர் இல்லை. அடுத்து முதலாளி வீட்டுப் பெண் வரும்போதுதான் பேய் ஒரு வீட்டுக்குள், ஒரு தகப்பனின் கவலைக்குள் வருகிறது. அந்த இடத்திலிருந்து படத்தின் மெதுவான நடை யாருக்கும் உறுத்துவதில்லை. பங்களாவுக்குள் ஒருவன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவதையே நெடுநேரம் காட்டுகிறார்கள். அங்கே அரங்கம் அமைதியாகத்தான் இருக்கும். மெதுவாகப் போவது மட்டுமே பிரச்சினையாக இருந்தால் எதிர்ப்பு இந்த இடத்தில்தான் வெடித்திருக்க வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில் பேய்க்கதை சொல்லும் முறை

தேனி மாவட்டம் 1996-ல் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்கே மலைத்தொடர், நடுவே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் நெல், தென்னை, திராட்சை. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வரிசையாக ஊர்கள். 1895-ல் பெரியாறு அணை திறக்கப்பட்டபின் இருபோகம் கண்ட நிலம். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போவதும், கதிர் முற்றிய காலத்தில் காவல் இருப்பதும், விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போவதும் இங்குள்ளவர்களின் அன்றாடம். இருட்டோடு பழகிய வாழ்க்கை. பேய்க்கதைகளும் அங்கே பிறப்பவைதான்.

இக்கதைகள் ஒருபோதும் வேகமாகச் சொல்லப்படுவதில்லை. சொல்பவர் தொடங்கும் விதமே இப்படி இருக்கும்: "மேலத்தெரு மாயி மாமா இருக்காருல்ல, அவரு தண்ணி கட்டிட்டு வாராரு. மணி ஒண்ணு, ஒண்ணரை இருக்கும். தோள்ல மம்பட்டி. மடையை அடைச்சிட்டு அந்தப் புளியமரத்துக்கு அங்கிட்டு வரையில..." இதற்குள் கேட்பவருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது, மரத்தைத் தெரிந்துவிட்டது. அன்று வெள்ளிக்கிழமையா, பீடி பற்றியதா அணைந்ததா, நாய் குரைத்ததா, எந்தப் பக்கம் திரும்பிக் குரைத்தது என்று ஒவ்வொன்றாக வரும். பேய் வருவதற்குக் கால்மணி நேரமாவது ஆகும். சிலபோது வராமலே கதை முடிந்துவிடும். மறுநாள் மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது என்பதோடு சரி. யாரும் 'ஒண்ணுமே நடக்கலையே' என்று கேட்பதில்லை.

ஆக, மெதுவான திகில் என்பது இவ்வட்டாரப் பார்வையாளருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த புதுச்சரக்கு அல்ல. அவர்கள் கேட்டு வளர்ந்ததே அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலை (2018) படத்தில் லெனின் பாரதி ஏலமூட்டை சுமந்து மலையேறும் மனிதனின் நடையை அவசரமில்லாமல் காட்டியிருக்கிறார். அது பேய்ப்படம் அன்று. ஆனால் மெதுவான நடைக்குப் பின்னால் தெரிந்த மண்ணும் தெரிந்த சுமையும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று.

வாய்மொழிக் கதையில் மெதுவுக்கு இணையாக இன்னொரு விதியும் உண்டு. பேய்க்கு முகவரி வேண்டும். பேய் பிடித்ததாகக் கருதப்படும் பெண்ணைக் கோடாங்கியிடம் கூட்டிப்போனால், அவர் உடுக்கை அடித்து முதலில் கேட்பது "நீ யாரு?" என்பது. அடுத்து எந்த ஊர், எப்படிச் செத்தாய், எங்கே பிடித்தாய், என்ன கேட்கிறாய் என்று கேள்விகள் தொடரும். பேய் பேர் சொல்லும்வரை உடுக்கை நிற்காது. பேர் சொல்லி, கேட்டதை வாங்கிக்கொண்டு, போவதாகச் சத்தியம் செய்தபின் உச்சிமுடியில் கொஞ்சம் எடுத்து மரத்தில் ஆணி வைத்து அடிப்பார்கள். அகால மரணம் அடைந்தவர்கள் கன்னித்தெய்வமாகவும் தீப்பாய்ந்த அம்மனாகவும் கும்பிடப்படுவது இதே எண்ணத்தின் மறுபக்கம். செத்தவருக்கு ஒரு குறை இருந்தது, அதைத் தீர்க்க வேண்டும் என்பது அடிப்படை. இதை மூடநம்பிக்கை என்று சொல்லலாம். பல வீடுகளில் மருத்துவரிடம் போக வேண்டிய பெண்ணைக் கோடாங்கியிடம் கொண்டுபோய்க் காலத்தைக் கடத்திய கொடுமையும் இதனுள் இருக்கிறது. ஆனால் ஒரு கதையை எப்படிக் கேட்பது என்ற பழக்கமாக இதைப் பார்த்தால், பேய்ப்படத்தைப் பார்க்கும் தமிழர் மனத்தில் ஓடும் கேள்விகள் கோடாங்கியின் கேள்விகள்தான் என்பது விளங்கும்.

சந்திரமுகி (2005) முதல் முனி (2007), காஞ்சனா (2011) வரை பெருவெற்றி பெற்ற படங்கள் எல்லாவற்றிலும் இடைவேளைக்குப் பின் ஒரு நீண்ட முன்கதை வருவதற்குக் காரணம் இதுவே. அந்த முன்கதைதான் பேய் பேர் சொல்லும் இடம். சந்திரமுகியில் பேய் கிடையாது, மனநோய்தான் என்று விளக்கிவிட்டார்கள். அப்போதும் பார்வையாளர் கோபப்படவில்லை. சந்திரமுகி என்பவள் யார், அவளுக்கு யார் அநீதி செய்தார் என்பது முழுமையாகச் சொல்லப்பட்டுவிட்டது. பேய் இல்லாமல் போனாலும் முகவரி இருந்தது.

சொல்பவன் மீதான நம்பிக்கை

பீட்சா இந்த மரபை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறது. முதலாவது, அது உண்மையிலேயே வாய்மொழிக் கதை. மைக்கேல் எதிரே ஆட்களை உட்கார வைத்துக்கொண்டு சொல்கிறான். பார்வையாளர் திரையில் காண்பது அவன் சொல்லைத்தான். சில்லறை எடுக்க மாடிக்குப் போன பெண், அணைந்த விளக்கு, டார்ச் வெளிச்சத்தில் தெரியும் புகைப்படம் என்று அவன் அடுக்கும் சின்னச் சின்னத் தகவல்கள் மாயி மாமாவின் மம்பட்டியும் பீடியும் செய்கிற அதே வேலையைச் செய்கின்றன. பொய் சொல்பவன் விவரத்தில்தான் நிற்பான். அது மலைப்பாதைக் கதைசொல்லிகளுக்கும் தெரியும், மைக்கேலுக்கும் தெரியும்.

இரண்டாவது, கேட்பவரைத் தேர்ந்தெடுத்த விதம். முதலாளி சண்முகம் வீட்டில் பேய் பிடித்த மகள் இருக்கிறாள். எனவே அவர் இந்தக் கதையை நம்ப முன்கூட்டியே தயாராக இருக்கிறார். தன் வீட்டுத் துயரத்தால் நம்புகிற மனிதரைத்தான் மைக்கேல் ஏமாற்றுகிறான். முதலாளியின் வைரம் நேர்வழியில் வந்ததாகத் தெரியவில்லை என்று படம் இதை லேசாகச் சமாளித்துவிடுகிறது. ஆனால் ஒரு தகப்பனின் அச்சத்தைக் கருவியாக்கிய கனம் கதைக்குள் எங்கும் இறங்கவில்லை. கடைசிக் காட்சியில் மைக்கேலுக்கு நேர்வதை இதற்கான தண்டனையாக வாசிக்க இடமிருக்கிறது. படம் அதை வற்புறுத்தவில்லை.

இப்போது 'ஏமாத்திட்டாங்க' என்ற குறைக்கு வரலாம். சினிமாவில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. பாத்திரங்கள் பொய் சொல்லலாம், பின்னோக்குக் காட்சி பொய் சொல்லக்கூடாது. வாயால் சொன்னதைக் கேட்டோம் என்றால் சந்தேகப்படலாம். கண்ணால் கண்டதை எப்படிச் சந்தேகிப்பது? ஹிட்ச்காக் 1950-ல் 'ஸ்டேஜ் ஃபிரைட்' படத்தில் பொய்யான பின்னோக்குக் காட்சியை வைத்தபோது பார்வையாளர்கள் அதை விரும்பவில்லை. பிற்காலத்தில் அவரே அது தவறு என்று ஒப்புக்கொண்டார். தமிழில் எஸ். பாலசந்தரின் அந்த நாள் (1954) பலருடைய ஊகங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சிகளாக்கியது. ஆனால் அங்கே அவை ஊகங்கள் என்பது பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரியும்.

பீட்சா தெரிவிக்காமல் செய்கிறது. எனவே ஏமாந்ததாக உணர்பவரைக் குறைசொல்ல முடியாது. அவர் கேட்பது, "அந்தப் பங்களாவில் நான் பட்ட பயத்துக்கு என்ன மதிப்பு?" என்பது. ஊர்ப்பக்கத்தில் ஒருவர் பேய்க்கதை சொல்லி முடித்துவிட்டு, 'சும்மா சொன்னேன்' என்று சிரித்தால் கேட்டவர்களுக்கு வரும் கோபம் இது. பயந்ததற்காக வெட்கம், வெட்கத்தினால் கோபம். பாதிப்பேர் சிரித்துவிடுவார்கள், பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள்.

படத்தின் கடைசிச் சில நிமிடங்கள் இந்தக் கோபத்தைத் தணிக்கவே வைக்கப்பட்டவை. பொய்க்கதை சொன்னவனை மெய்ப்பேய் பிடிக்கிறது. வாய்மொழி மரபில் இதற்கும் இடம் உண்டு. 'பேய் பேய் என்று விளையாடாதே, நிஜமாகவே வந்துவிடும்' என்று பெரியவர்கள் பிள்ளைகளை அதட்டுவது இதைத்தான். அந்த அதட்டல் தெரிந்த பார்வையாளருக்கு முடிவு மிகச் சரியாகப் படும். ஆனால் பொய் வெளிப்பட்டதற்கும் இந்த முடிவுக்கும் இடையே திட்டத்தை விளக்கும் பகுதி வேகமாகவும் தேவைக்கு மேல் விவரமாகவும் ஓடுகிறது. அவ்வளவு நேரம் பொறுமையாகக் காய்ச்சியதை அவசரமாக இறக்கிவைத்தது போல் ஆகிறது. படத்தின் பெரிய குறை இதுவே.

நடிகரின் முகம் பற்றிய ஒரு செய்தி தேனிப் பார்வையாளருக்குச் சிறப்பாகப் பொருந்தும். விஜய் சேதுபதி கதாநாயகனாக அறிமுகமானது சீனு ராமசாமியின் தென்மேற்குப் பருவக்காற்று (2010) படத்தில். தேனி வட்டாரத்தைக் களமாகக் கொண்ட அப்படத்தில் ஆடு மேய்க்கும் முருகனாக வந்தார். சிறந்த தமிழ்ப் படம் உள்பட மூன்று தேசிய விருதுகள் அதற்குக் கிடைத்தன. அடுத்து உசிலம்பட்டி வட்டாரத்தில் நடக்கும் சுந்தரபாண்டியன் (2012 செப்டம்பர்) படத்தில் நண்பனுக்குத் துரோகம் செய்பவராக நடித்தார். அது வெளியாகி ஐந்து வாரத்தில் பீட்சா வந்தது. ஆக இவ்வட்டாரம் அந்த முகத்தை ஒருமுறை நம்பியும் ஒருமுறை நம்பி ஏமாந்தும் இருந்தது. பங்களா இரவில் அவர் பயப்படுவது, பயப்படுவது போல் நடிக்கும் ஒருவனின் நடிப்பு. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் இது தெரியவரும். பேச்சுக்கு நடுவே மைக்கேல் நிறுத்தும் இடங்கள், முதலாளியின் முகத்தைப் பார்க்கும் பார்வைகள், திரும்பத் திரும்ப அனுவைக் கேட்பது எல்லாம் அப்போது வேறு பொருள் தருகின்றன. முடிவு தெரிந்தபின் செத்துப்போகும் படங்களே அதிகம். பீட்சா அப்படி ஆகாததற்கு இந்த நடிப்புத்தான் காரணம்.

அரங்கில் எழும் குரல்

திகில் படத்தின்போது அரங்கில் சத்தம் போடுவதைப் பற்றி விமர்சகர்கள் பலர் எரிச்சல் காட்டுவது உண்டு. சிறிய ஊர்த் திரையரங்குகளில் இது கூடுதல். "டேய், திரும்பிப் பாக்காதடா" என்று ஒருவர் கத்துவார். நாலு பேர் சிரிப்பார்கள். யாரோ பின்வரிசையில் ஊளையிடுவார். அமைதியை நம்பி எடுக்கப்பட்ட படத்துக்கு இது கேடுதான்.

ஆனால் கதை கேட்பவர் 'உம்' கொட்டுவது நம் பழக்கம். உம் கொட்டுபவர் இல்லாவிட்டால் கதைசொல்லிக்குக் கதை ஓடாது. கேட்பவர் தூங்கவில்லை என்பதற்கும், பயந்துவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ளாமலே தெரிவிப்பதற்கும் அது வழி. அரங்கில் எழும் குரலும் பெரும்பாலும் அந்த வகைதான். அலட்சியத்தால் கத்துபவனுக்கும் பயத்தை மறைக்கக் கத்துபவனுக்கும் உள்ள வேறுபாடு பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். அலட்சியக்காரன் படம் முழுவதும் ஒரே சுருதியில் பேசிக்கொண்டிருப்பான். பயந்தவன் கதவு திறக்கும் காட்சியில் மட்டும் பேசுவான்.

உண்மையான இடையூறு வேறிடத்தில் இருக்கிறது. இடைவேளை. மெதுவாகக் கூடிய திகில் விளக்கு எரிந்ததும் முறுக்கும் டீயுமாகக் கலைந்துவிடுகிறது. இரண்டாம் பாதி அதை முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது. அமெரிக்க இயக்குநருக்கு இந்தச் சுமை இல்லை. தமிழ்ப் பேய்ப்படங்கள் இடைவேளைக்குச் சற்று முன் ஒரு பெரிய அதிர்ச்சியை வைப்பதற்கும், மெதுவான படங்களும் அந்த ஒரு காட்சிக்காக வளைந்துகொடுப்பதற்கும் இது காரணம். பகல் காட்சியில் கதவைத் திறந்து மூடும்போது உள்ளே விழும் வெயிலையும், பழைய ஒலிபெருக்கியையும் சேர்த்துக்கொள்ளலாம். குறைந்த செலவுப் படம் நம்பியிருப்பது இருட்டையும் ஓசையையும் மட்டும்தான். ஒரு வீடு, ஐந்தாறு நடிகர்கள், ஒரு டார்ச். மீதியெல்லாம் சந்தோஷ் நாராயணனின் இசையும் அது இல்லாத இடங்களும். அந்த இரண்டும் கெட்டுப்போகும் அரங்கில் படம் பார்த்தவர் 'ஒண்ணுமே இல்லை' என்று சொன்னால், அவர் முன்னால் உண்மையிலேயே ஒன்றும் இருந்திருக்காது.

'சென்டர்' பிரிப்பு

திரைப்பட வணிகத்தில் ஊர்களை ஏ, பி, சி என்று பிரிக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. சென்னை, கோவை போன்றவை ஏ. தேனி, கம்பம், போடி எல்லாம் அதற்கு அடுத்த வரிசைகளில் வரும். மெதுவான திகில் படம் 'ஏ சென்டர் படம்' என்று முத்திரை குத்தப்படும். இதனால் நேரும் நட்டம், அத்தகைய படங்கள் சிறிய ஊர்களுக்கு வராமலே போவது, அல்லது வந்து மூன்றாம் நாள் தூக்கப்படுவது. பார்க்காத ஊர் பிடிக்கவில்லை என்று கணக்கில் எழுதப்படுகிறது.

பொறுமையின்மை ஊர் சார்ந்தது அல்ல என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று இருக்கிறது. அங்கே சினிமாஸ்கோர் என்னும் நிறுவனம் படம் பார்த்து வெளியே வருபவர்களிடம் மதிப்பெண் கேட்டு வெளியிடுகிறது. மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு உலகமெங்கும் பேசப்பட்ட 'பிளேர் விட்ச் புராஜெக்ட்' (1999) படத்துக்குப் பார்வையாளர்கள் கொடுத்தது சி பிளஸ். விமர்சகர்கள் கொண்டாடிய 'தி விட்ச்' படத்துக்கு சி மைனஸ். 'ஹெரிடிட்டரி' (2018) டி பிளஸ் வாங்கியது. இவற்றுக்கு மதிப்பெண் போட்டவர்கள் உத்தமபாளையத்துக்காரர்கள் அல்லர். விளம்பரத்தில் வேறொன்றைக் காட்டி உள்ளே இன்னொன்றைக் கொடுத்தால் எந்த ஊர்க்காரரும் கோபப்படுவார்.

வில்லாவும் மாயாவும்

பீட்சாவின் வெற்றிக்குப் பின் அதே தயாரிப்பாளர் பீட்சா 2: வில்லா (2013 நவம்பர்) படத்தை வெளியிட்டார். தீபன் சக்ரவர்த்தி இயக்கினார். கதையில் முதல் படத்தோடு தொடர்பு இல்லை. தந்தை விட்டுச்சென்ற வீடும், நடக்கப்போவதைக் காட்டும் ஓவியங்களும் அடங்கிய கதை. முதல் படத்தை விடவும் நிதானமானது. ஒளிப்பதிவிலும் வீட்டின் அமைப்பிலும் அதைவிட மேலானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் முதல் படத்துக்குக் கிடைத்த வரவேற்பு இதற்குக் கிடைக்கவில்லை. இதில் வருவது பேய் அன்று, 'எதிர்மறை ஆற்றல்'. அது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஆற்றலுக்கு ஊரும் பேரும் கிடையாது. கோடாங்கி இதனிடம் என்ன கேட்பார்? பீட்சா என்ற பெயரை ஒட்டவைத்ததும் பிழை. அந்தப் பெயருக்காக வந்தவர் கடைசியில் ஒரு பெரிய பொய் உடையும் என்று காத்திருந்தார்.

அஸ்வின் சரவணனின் முதல் படமான மாயா (2015 செப்டம்பர்) இதற்கு நேர்மாறு. நயன்தாரா நடித்ததால் விளம்பரம் கிடைத்தது; மற்றபடி அடக்கமான படம். மாயவனம் என்னும் காட்டைச் சுற்றிய கதை கறுப்பு வெள்ளையிலும், கைக்குழந்தையோடு தனியே வாழும் நடிகை அப்சராவின் கதை வண்ணத்திலும் மாறிமாறி வருகின்றன. இரண்டும் எப்படி இணைகின்றன என்பது நெடுநேரம் சொல்லப்படுவதில்லை. முதல் பாதியில் குழம்பியவர்கள் பலர். ஆனால் பேய் தன் முகவரியைச் சொல்லும்போது அது ஒரு தாயாக இருக்கிறது. பிள்ளையைத் தேடுகிற தாய். அங்கே அச்சம் அப்படியே இரக்கமாகத் திரும்பிவிடுகிறது. மெதுவாகச் சொன்னதற்கு உரிய பலன் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். பீட்சாவின் முடிவைவிட இது நிறைவானது. கன்னித்தெய்வத்துக்குப் புடவை வைத்துக் கும்பிடும் ஊரில் இப்படத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.

மாயாவுக்குள் ஒரு திகில் படம் வருகிறது. அதைத் திரையரங்கில் தனியாக உட்கார்ந்து முழுதும் பார்ப்பவருக்குப் பரிசுத்தொகை. பணமுடை காரணமாக அப்சரா அதற்குச் சம்மதிக்கிறாள். ராம்கோபால் வர்மா 2008-ல் தம்முடைய 'பூங்க்' படத்துக்கு இதேபோல் ஐந்து லட்ச ரூபாய்ப் போட்டி அறிவித்தது நினைவுக்கு வரலாம். பேய்ப்படத்தைத் தனியாகப் பார்ப்பது ஏன் இவ்வளவு பெரிய வீரமாகக் கருதப்படுகிறது என்பதற்கு மேலே சொன்ன உம் கொட்டும் பழக்கமே விடை. பேய்க்கதை கூட்டத்தில் கேட்பதற்கு உரியது. கைப்பேசியில், காதுக்குள் காதொலிப்பானைச் செருகிக்கொண்டு, போர்வைக்குள் பார்க்கும் இன்றைய பார்வையாளர் ஒருவகையில் அப்சராவின் நாற்காலியில்தான் இருக்கிறார். அரங்கில் 'சவ்வு மாதிரி இழுக்குது' என்று சொன்னவர்களே வீட்டில் இரண்டாம் முறை பார்த்து மிரண்டதாகச் சொல்வது இதனால்தான். அதேசமயம் பகலில், ஜன்னல் வெளிச்சம் விழும் சின்னத்திரையில் பார்த்தால் பங்களா இரவு வெறும் கறுப்புச் செவ்வகம்.

மறுஆக்கங்கள்

பீட்சா கன்னடத்தில் 'விசில்' (2013) என்றும், வங்காளத்தில் 'கல்போ ஹோலியோ ஷோத்தி' (2014) என்றும், இந்தியில் அதே பெயரிலும் (2014) மறுஆக்கம் செய்யப்பட்டது. இந்திப் படம் முப்பரிமாணத்தில் வந்தது. ஒருவன் நாலு பேரை உட்கார வைத்துச் சொல்லும் கதைக்கு, பொருள்கள் திரையைவிட்டுப் பாய்ந்து வரும் உத்தி பொருந்தவில்லை. சொல்பவனைப் பார்ப்பதா, பாய்வதைப் பார்ப்பதா என்ற குழப்பமே அங்கே மிஞ்சியது. பீட்சா 3: தி மம்மி என்ற பெயரில் 2023-ல் தமிழில் மூன்றாவது படமும் வந்தது. அதற்கும் மைக்கேலின் கதைக்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை.